கமிலா 'குயின் கன்சார்ட்'டா, வெறும் 'குயின்'னா?

சகோ, ரெண்டுமே சரிதான், தேதிதான் வேற. உங்க பொண்ணு ஸ்கூல் சார்ட்டுல 'குயின் கன்சார்ட்'னு எழுதினதை டீச்சர் சிவப்பு மையில அடிச்சதெல்லாம் கொஞ்சம் ஓவர். 2022 செப்டம்பர்ல கமிலா புருஷன் சார்லஸ் பிரிட்டன் ராஜா ஆனதுல இருந்து அப்படித்தான் சொன்னாங்க, 2023 மே 6 முடிசூட்டுக்கு அப்புறம் 'குயின் கமிலா'ன்னு ஆயிடுச்சு, ஆனா அந்தஸ்து இப்பவும் கன்சார்ட்தான், ராஜா பொண்டாட்டிங்கறதால வந்த பட்டம், ஆட்சி அதிகாரம் எல்லாம் கிடையாது.

அப்புறம் கமிலா எப்படி 'கர்னல்' ஆனாங்க, படைய நடத்துவாங்களான்னு கேட்டீங்களே, அந்த மேட்டர். கிரெனேடியர் கார்ட்ஸ்ங்கற பிரிட்டிஷ் ராணுவப் படைப்பிரிவுக்கு அவங்க கர்னல், ஆனா சும்மா கௌரவப் பதவி, படைய நடத்துறது நிஜ ஆபீசருங்க. இவங்க பரேடுக்கு வருவாங்க, மெடல் குடுப்பாங்க, வீரர்கள் குடும்பத்தைப் பாத்துப் பேசுவாங்க, அவ்ளோதான். 'தி ரைஃபிள்ஸ்'ங்கற இன்னொரு படைக்கு கர்னல்-இன்-சீஃப் (அதுவும் கௌரவத் தலைமைதான்) பொறுப்பு 2020லயே மாமனார் பிலிப் கிட்ட இருந்து வந்தது, அந்த விழாக்களுக்கு பியூகிள் (ராணுவ ஊதுகொம்பு) ஷேப் ப்ரூச் குத்திக்கிட்டு வருவாங்க, போட்டோவ ஜூம் பண்ணிப் பாருங்க, சார்ட்டுக்கு செம படம். பிரிட்டனோட உயர்ந்த கௌரவமான கார்ட்டர் விருதை மட்டும் ராணி ஆனதால கிடைச்சதுன்னு போட்டுடாதீங்க, அது 2022 புத்தாண்டை ஒட்டி அப்ப ராணியா இருந்த எலிசபெத்தே அறிவிச்சது, அப்ப இவங்க இளவரசர் பொண்டாட்டிதான்.