இணையம் இருக்கும்போது சிற்றலை வானொலி கேட்பதும் சின்ன பீக்கன் டிரான்ஸ்மிட்டர் செய்வதும் நேர விரயமா?

"கொடைக்கானலில் இருக்கிறேன், சிற்றலை கேட்பதில் ஆசை, குறைந்த சக்தியில் ஒரு பீக்கன் (தன் பெயரையே திரும்பத் திரும்ப அனுப்பும் டிரான்ஸ்மிட்டர்) செய்து பார்க்கவும் ஆசை" என்று எழுதிவிட்டு, கடைசியில் "நேர விரயமா" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசிச் சொல் உங்களுடையதாக இருக்காது. வீட்டில் யாரோ சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள், இன்னும் சொல்கிறார்கள். அதனால்தான் பூண்டுக்கு மருந்து வைக்கப் போக வேண்டிய நேரத்தில் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

விரயம் இல்லை. ஏன் என்பதற்கு எனக்கு நடந்ததைத்தான் சொல்ல முடியும்.

நான் இருப்பது கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறைக்குப் பக்கத்தில். அப்பா ராத்திரி 9.15 மணிக்கு பிபிசி தமிழோசை கேட்காமல் படுத்ததில்லை. பிலிப்ஸ் ரேடியோ. முள்ளை மெதுவாக நகர்த்திக்கொண்டே போவார். இரைச்சலுக்கு நடுவில் குரல் தெளிகிற இடத்தில் விரல் தானாக நின்றுவிடும். சின்ன வயதில் நான் செய்தியைக் கேட்டதில்லை, அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். 1941-இல் தொடங்கிய தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு நின்றது. மறுநாளும் அப்பா 9.15-க்கு ரேடியோவைப் போட்டார். வெறும் இரைச்சல். "செல்லுல வருதுப்பா, இந்தாங்க" என்று போனை நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை. ரேடியோவை அணைத்து, அதன்மேல் துண்டைப் போட்டு மூடிவைத்தார். அந்த வருடமே ஆவணியில் காலமானார். ரேடியோ எனக்கு வந்தது.

அடுத்த வருடம் நவம்பரில் கஜா புயல். எங்கள் பக்கம் மரங்கள் சாய்ந்து கரண்டும் செல்போன் டவரும் போனபோது, வீட்டில் பேசிய ஒரே பொருள் அந்தப் பேட்டரி ரேடியோதான். துண்டை எடுத்துப் போட்டவன் அதற்குப் பிறகு திரும்ப மூடவே இல்லை.

ஒரு விஷயத்தை முதலில் சரி செய்துவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியிலும் அது ஒளிந்திருக்கிறது. "மலைமேல் இருப்பதால் நன்றாக எடுக்கும்தானே" என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எஃப்எம்முக்கு அது உண்மை. கொடை எஃப்எம் 100.5 மலையடிவாரத்தைத் தாண்டி எத்தனையோ மாவட்டங்களில் கேட்பதற்குக் காரணமே இந்த உயரம். அந்த அலை கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான் போகும். சிற்றலை அப்படி இல்லை. அது தரையிலிருந்து 250, 300 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தில் (மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கு) பட்டு வளைந்து கீழே வருகிறது. அத்தனை உயரத்துக்கு முன்னால் நம் 2 கிலோமீட்டர் மலை ஒரு கணக்கே இல்லை. மலை நமக்குத் தருவது அமைதி. பக்கத்து வீடு தள்ளி இருக்கிறது, தொழிற்சாலை இல்லை, மின்கருவிகளின் இரைச்சல் குறைவு. மதுரையில் என் தங்கை வீட்டு மாடியில் அதே ரேடியோவை வைத்துப் பார்த்தேன். எல்இடி பல்பும் சார்ஜரும் இன்வெர்ட்டரும் சேர்ந்து போடுகிற இரைச்சலில் பாதி நிலையங்கள் இல்லை.

அமைதி என்று சொன்னேனே, அதுவும் சும்மா கிடைக்கவில்லை. 2021 மழைக்காலத்தில் ஒருநாள் "டிக்... டிக்... டிக்" என்று ரேடியோவில் வர ஆரம்பித்தது. கிட்டத்தட்ட ஒரு நொடிக்கு ஒன்று. எந்த அலைவரிசைக்குப் போனாலும் கூடவே வந்தது. ரேடியோ கெட்டுவிட்டதென்று நினைத்துத் திறந்து பார்த்தேன், வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. கடைசியில் கையடக்க டிரான்சிஸ்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக நடந்தேன். ரேடியோவுக்குள் இருக்கும் ஃபெரைட் கம்பியின் முனை எந்தத் திசையைப் பார்க்கும்போது சத்தம் குறைகிறதோ, சத்தம் பிறக்கிற இடம் அந்தத் திசையில் இருக்கும். மூன்று இடத்தில் நின்று பார்த்துக் கோடு போட்டால் மூன்றும் சந்திக்கிற இடம் கிடைத்துவிடும். எனக்குக் கிடைத்த இடம் காட்டுமாடு வராமல் இருக்க ஒருவர் போட்டிருந்த சோலார் வேலி. அந்த வேலி நொடிக்கு ஒரு முறை அதிர்ச்சி கொடுக்கும். மழையில் வளர்ந்த கொடி கம்பியைத் தொட்டு, ஈரத்தில் ஒவ்வொரு முறையும் பொறி பறந்துகொண்டிருந்தது. பொறி பறந்தால் அது ரேடியோவில் கேட்கும்.

"மாமா, உங்க வேலி என் ரேடியோவுல கேக்குது" என்றேன். "வேலி எப்படிய்யா ரேடியோவுல கேக்கும்?" என்றவர், டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துப் பார்த்ததும் அரிவாளை எடுத்துவிட்டார். இருவரும் ஒரு மத்தியானம் முழுக்கக் கொடி அறுத்தோம். சத்தம் நின்றது. வேலியில் வீணாக இறங்கிக்கொண்டிருந்த கரண்டும் நின்றதால் அவருக்கும் லாபம். இப்போது மழைக்கு முன்னால் அவரே கூப்பிட்டு, "டிக் டிக் வருதா பாரு மாப்ள" என்கிறார். வேலியைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். காட்டுமாடு ஒரே ராத்திரியில் என்ன செய்யும் என்று எனக்கும் தெரியும்.

பீக்கனுக்கு வருகிறேன். கலங்கரை விளக்கம் மாதிரிதான். தன் பெயரைக் குறித்த நேரத்தில் திரும்பத் திரும்ப அனுப்பும், யாரோடும் பேசாது. 14.100 மெகாஹெர்ட்ஸில் உலகம் முழுக்க 18 பீக்கன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கும்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 10 நொடி, 3 நிமிடத்தில் ஒரு சுற்று. முதலில் மோர்ஸில் (புள்ளியும் கோடுமான ஒலிக்குறி) தன் அழைப்புக்குறியை, அதாவது நிலையத்தின் பெயரான எழுத்துகளைச் சொல்லும். பிறகு நான்கு நீண்ட ஒலிகள்: முதலாவது 100 வாட், இரண்டாவது 10, மூன்றாவது 1, கடைசி 0.1 வாட். நம் பக்கத்து இலங்கையிலும் இதில் ஒரு பீக்கன் உண்டு. உங்களிடம் எஸ்எஸ்பி வசதியுள்ள ரேடியோ (இந்த மோர்ஸ் காதில் விழ அந்த வசதி வேண்டும்) இருந்தால் இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.

2023-இல் ஒரு சாயங்காலம் ஜப்பான் பீக்கனைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வழக்கமாக இரண்டாவது ஒலியோடு மறைந்துவிடும். அன்று மூன்றாவதும் கேட்டது. அப்புறம், இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத மெல்லிசாக, நாலாவது. மூன்று நிமிடம் கழித்துத் திரும்பவும். 0.1 வாட்! பென்டார்ச் பல்பு எரியக்கூட அது போதாது. ஜப்பானிலிருந்து என் வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்திருக்கிறது. அன்றைக்குத்தான் நானும் ஒன்று செய்ய வேண்டும் என்று முடிவு செய்தேன்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. கேட்பதற்கு உரிமம் வேண்டாம். அனுப்புவதற்குக் கட்டாயம் வேண்டும், அது எத்தனை சின்ன சக்தியாக இருந்தாலும். ஹாம் (அமெச்சூர் வானொலி) தேர்வு எழுதி அழைப்புக்குறி வாங்குங்கள், 12 வயதுப் பிள்ளைகளே எழுதுகிறார்கள். நான் மோர்ஸோடு சேர்த்து எழுதினேன். உரிமம் கையில் வரும் வரை ஆன்டெனாவில் இணைக்கவில்லை. நான் வீட்டில் விழித்திருக்கும்போது மட்டும்தான் பீக்கன் ஓடும். "லைசென்ஸ் இல்லாமல் விளையாடுகிறார்கள்" என்று எழுதுபவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

நான் எடுத்துக்கொண்டது விஸ்பர் என்ற முறை. 2008-இல் இதை வெளியிட்டவர் ஜோ டெய்லர். பல்சர் என்ற துடிக்கும் விண்மீன் பற்றிய ஆராய்ச்சிக்காக 1993-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர், அவரும் ஒரு ஹாம். விண்வெளியிலிருந்து வரும் மெலிந்த அலைகளைத் தேடி எடுத்தவர், அதே பொறுமையை நம்மைப் போன்றவர்களின் சின்ன டிரான்ஸ்மிட்டருக்கும் கொடுத்திருக்கிறார். அழைப்புக்குறி, இருப்பிடக் கட்டம் (உலக வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்து வைத்த குறி), சக்தி இந்த மூன்றை மட்டும் அனுப்ப இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொள்ளும். அத்தனை மெதுவாக அனுப்புவதால் காதுக்கே கேட்காத அளவு இரைச்சலுக்கு அடியில் இருந்தாலும் கணினி பிரித்தெடுத்துவிடும். நமக்கான கட்டம் எம்கே80.

பாகங்கள் அதிகம் இல்லை. அலையை உண்டாக்க எஸ்ஐ5351 சிப், அதை நடத்த ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகை, நேரத்துக்கு ஒரு ஜிபிஎஸ் மாட்யூல், சக்திக்கு ஒரு பிஎஸ்170 டிரான்சிஸ்டர், வேண்டாத அலைகளைத் தடுக்கும் ஃபில்டருக்குக் கம்பி சுற்ற மஞ்சள் நிற டி37-6 வளையங்கள். 200 மில்லிவாட் வரும். ஃபில்டரை மட்டும் விட்டுவிடாதீர்கள். இந்தச் சிப் தருவது சதுர அலை, ஃபில்டர் இல்லாவிட்டால் 14 அனுப்பும்போது 42 மெகாஹெர்ட்ஸிலும் கூடவே போய் இன்னொருவருக்குத் தொல்லை கொடுக்கும்.

இந்த வளையங்கள் வந்து சேர்ந்த கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பார்சல் வருகிற நாளில் நான் வாசலிலேயே உட்கார்ந்து பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருக்கிறேன். போனில் "வீடு பூட்டியிருந்தது, ஒப்படைக்க முடியவில்லை" என்று செய்தி வருகிறது. மூன்று நாளும் அதே செய்தி. வண்டி எங்கள் ஊர்ப் பக்கமே வரவில்லை. போன் போட்டால், "டவுனுக்கு வந்து வாங்கிக்குங்க சார்" என்கிறார்கள். பஸ் பிடித்துப் போய், மூடியிருந்த கடைமுன் நின்று, மறுநாள் மறுபடி போய் வாங்கினேன். சென்னையில் இருப்பவர் கொடுக்கிற அதே கூரியர் காசைத்தான் மேல்மலைக்காரனும் கொடுக்கிறான். மாத்திரைக்காக இப்படிக் காத்திருந்த ஒரு பாட்டியை எனக்குத் தெரியும். எங்கள் தபால்காரர் மழையிலும் நடந்து வந்து கொடுக்கிறாரே, அவரால் முடிகிறதே.

சரி. பேரி மரத்துக்கும் வீட்டு உச்சிக் கம்பத்துக்கும் இடையில் டைபோல் (இரண்டு பக்கமும் நீளும் கம்பி ஆன்டெனா) கட்டினேன், பக்கத்துக்கு 5 மீட்டர், வடமேற்கு தென்கிழக்காக. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்பும்படி வைத்தேன். எங்கே கேட்டாலும் கேட்டவரின் கணினி அதை இணையத்தில் பதிவு செய்யும். முதல் நாள் ஒன்றும் இல்லை. ஒரு வாரம் ஒன்றும் இல்லை. அம்மா தினமும் காலையில் "யாராச்சும் கேட்டாங்களா?" என்பார்.

கடைசியில் என் ரேடியோவையே லேப்டாப்பில் இணைத்து என் பீக்கனைப் பார்த்தேன். திரையில் நேராக இறங்க வேண்டிய கோடு சாய்ந்து இறங்கியது. இரண்டு நிமிடத்தில் நாலு ஹெர்ட்ஸுக்கு மேல் நகர்ந்தாலே பிரித்தெடுப்பது கடினம், என்னுடையது அதைத் தாண்டிக்கொண்டிருந்தது. காரணம் எங்கள் பனி. ஜன்னல் வழியே மூடுபனி உள்ளே வர, அலைவரிசையை நிலையாக வைத்திருக்கும் கிரிஸ்டல் குளிர்ந்துபோகும். அனுப்பத் தொடங்கியதும் சிப் சூடாகி அலைவரிசை நழுவும். அனுப்பாத நேரத்திலும் சிப்பை அணைக்காமல் வேறொரு முனையில் ஓடவிட்டேன், அதனால் சூடு ஒரே நிலையில் நின்றது. மொத்தத்தையும் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து மூடினேன். கோடு நேரானது.

அன்று ராத்திரி எட்டரை மணிக்கு முதல் பதிவு வந்தது. ரீயூனியன் தீவு. இங்கிருந்து 4,200 கிலோமீட்டருக்கு மேல். வரைபடத்தில் தேடிப் பார்த்த பிறகுதான் உறைத்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் தமிழ்ச் சனம் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலில் போன தீவு அது. அம்மாவை எழுப்பிக் காட்டினேன். கட்டிலில் உட்கார்ந்து அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு, "அப்பா இருந்திருக்கணும்" என்றார்.

"அந்தப் பதிவே இணையத்தில்தானே வந்தது" என்று சொல்வார்கள். உண்மைதான். கேட்டேன் என்று சொன்ன கடிதம் இணையத்தில் வந்தது. அலை போனது வானத்தில், நான் சுற்றிய காயில் வழியாக. இணையத்தில் ஊர் ஊராக எஸ்டிஆர் (கணினி மென்பொருளால் இயங்கும்) ரேடியோக்கள் இருக்கின்றன, நானும் கேட்கிறேன். ஆனால் அங்கே கம்பி கட்டியது வேறொருவர்.

நீங்கள் டவுனிலேயே இருப்பதால் ஒரு வசதி இருக்கிறது. சூரிய ஆய்வகம் உங்கள் பக்கத்தில். 1909-இல் வானியலாளர் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதைக் கண்டது அங்கேதான். அந்தப் புள்ளிகளின் எண்ணிக்கை ஏறி இறங்குகிற 11 வருடச் சுழற்சிதான் நம் சிற்றலையின் நல்ல காலத்தையும் மோசமான காலத்தையும் தீர்மானிக்கிறது. ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இடி மின்னல் தொடங்கினால் ஆன்டெனா கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள், ஐப்பசியில் ஒரு ரேடியோவை நான் அப்படிப் பறிகொடுத்தேன்.

உங்கள் பீக்கனை முதலில் 14-இல் செய்யாதீர்கள், 7 மெகாஹெர்ட்ஸில் செய்யுங்கள். 14-இல் போட்டால் ரீயூனியனுக்குக் கேட்கும், இடையில் மலை இருப்பதால் இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற எனக்குக் கேட்காது, தலைக்கு மேலே தாண்டிப் போய்விடும். 7 என்றால் பகலில் செங்குத்தாக ஏறி நம் மலைக்குள்ளேயே திரும்பி இறங்கும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் நான் அங்கே கேட்டுக்கொண்டிருப்பேன்.