கிளிஞ்சல் பொறுக்கி

கேள்வி: வரும் மே மாதம் நான்கு நாள் தரங்கம்பாடியில் தங்கி, கடற்கரையில் கிளிஞ்சல் பொறுக்கி, அன்றன்று பிடித்த வஞ்சிரத்தை வறுத்துச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா கிடக்கலாம் என்றிருக்கிறோம். எந்த விடுதி நல்லது? (பெயர் வெளியிட வேண்டாம்.)
— வாசகர், திருச்சி

பதில்: 'கிளிஞ்சல் பொறுக்கி' என்று எழுதிவிட்டுப் பெயர் வேண்டாம் என்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. விதைநெல்லைப் பொறுக்கித்தான் எடுத்தார்கள், முத்தைப் பொறுக்கித்தான் கோத்தார்கள். அப்பேர்ப்பட்ட சொல்லை நாம்தான் தெருமுனையில் பீடியோடு நிறுத்திவிட்டோம். ஆங்கிலத்தில் கதை தலைகீழ். இன்று விளம்பரங்களில் தொப்பி போட்டுக்கொண்டு மணலில் நடக்கிற 'பீச்கோம்பர்' 19-ஆம் நூற்றாண்டில் யார் என்கிறீர்கள்? கப்பல் வேலையை விட்டு ஓடிவந்து, பசிபிக் தீவுகளில் கரை ஒதுங்கியதை வைத்துக் காலம் தள்ளிய வெள்ளைக்காரன். அசல் பொறுக்கி. அங்கே அவன் கனவானாகிவிட்டான். இங்கே பத்திரிகை ஆசிரியனாகியிருக்கிறான்: வந்து குவிகிற கதைகளில் நாலைப் பொறுக்கத்தான் எனக்குச் சம்பளம்.

தரங்கம்பாடி என்றதும் 'அலைகள் பாடும் ஊரா?' என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்டிருப்பார்கள். சுற்றுலாத் துண்டறிக்கை எழுதுகிறவர்களோடு எனக்கு இருபது வருடத் தகராறு இது. பாடி என்றால் குடியிருப்பு ஐயா! அலை பாடுவதால் தரங்கம்பாடி என்றால், வாணியம்பாடியில் செக்கு பாடுகிறதா? ஊருக்குப் பழைய பெயர் சடங்கன்பாடி. அங்குள்ள மாசிலாமணிநாதர் கோயில் கல்வெட்டே சொல்கிறது. 1306-இல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில் அது. முன்பக்கத்தைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது.

தின்றதற்குப் பதிலாக அந்தக் கடல் வேறு சாமான்களைத் துப்பும். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி 1620-இல் கோட்டை கட்டிய டேனிஷ்காரர்கள், 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். சில்லறையை மட்டும் சரியாக எண்ணிக்கொண்டு போகவில்லை போலிருக்கிறது. மிளகளவு ஈயக்காசுகளும் நீலப்பூ போட்ட பீங்கான் சில்லுகளும் கரையில் கிடைத்திருக்கின்றன. பொறுக்குவதாக இருந்தால் வெயில் ஏறுமுன், அலை கடைசியாக வந்துபோன தடத்தைப் பிடித்துக்கொண்டு நடங்கள். குப்பைக்கோடு மாதிரி இருக்கும், சரக்கு அதில்தான். ஓடம் போல வெள்ளையாக ஒன்று தட்டுப்படும். உள்ளங்கையில் கனமே தெரியாது, நகம் பட்டால் பள்ளம் விழும். கணவாய் ஓடு. நாட்டு மருந்துக் கடையில் இதைத்தான் 'கடல்நுரை' என்று விற்கிறார்கள். கிளிஞ்சலுக்குள் கால் தெரிந்தால் வைத்துவிடுங்கள். உள்ளே இருப்பவர் துறவி நண்டு. எல்லாவற்றையும் துறந்தவர், அடுத்தவர் வீட்டைத் தவிர.

வலம்புரி கிடைக்குமா என்று அடுத்த கடிதம் வரும், தெரியும். கிடைக்காது. நம் பத்திரிகையில் ராசிபலன் எழுதும் நண்பர் வற்புறுத்தியதால், ஒரு புண்ணியத்தலத்துக் கடையில் நான் ஒன்று வாங்கினேன். விலையைக் கேட்ட மனைவி அதை ஊதாமலே வீட்டில் சத்தம் கேட்டது. பிறகு விவரம் தெரிந்த ஒருவர் வந்து, வாய்க்குள் விரலை விடச் சொன்னார். அசல் சங்கானால் நடுத்தண்டில் மூன்று, நான்கு மடிப்பு தட்டுப்பட வேண்டும். என்னுடையது வழவழவென்று இருந்தது. அமெரிக்கக் கரைகளில் சாதாரணமாகக் கிடைக்கும், பிறவியிலேயே இடப்பக்கம் சுழலும் வேறொரு நத்தையின் ஓடாம் அது! இடப்பக்கம் சுழல்வது எப்படி வலம்புரியாகும் என்கிறீர்களா? விஞ்ஞானி சுருள்முனையை மேலே வைத்துப் பார்க்கிறார், நாம் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கிறோம். அவருக்கு இடது, நமக்கு வலது. ராசிபலன்காரர் இன்றுவரை 'பலன் உண்டு' என்கிறார். உண்டு, கடைக்காரருக்கு.

மீனுக்கு வருகிறேன். மே மாதம், வஞ்சிரம், அன்றன்று பிடித்தது: இந்த மூன்றும் ஒரே தட்டில் சேர்வது அபூர்வம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனம் பெருகட்டும் என்று விசைப்படகுகளைக் கட்டிப்போட்டிருப்பார்கள். அப்போதும் விடுதிக்காரர் 'ஃப்ரெஷ் வஞ்சிரம் சார்' என்றால், அந்த மீன் ஐஸ்பெட்டியில் உங்களைவிட நிதானமாக ஓய்வெடுத்திருக்கும்.

ஆனால் நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. காலையில் அவை கரையேறும் இடத்துக்குப் பையோடு போங்கள். வஞ்சிரம், வஞ்சிரம் என்று தமிழன் ஏன் இப்படி ஒரே மீனைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என்று எனக்கு விளங்கியதே இல்லை. முள் எடுக்கச் சோம்பல், வேறென்ன! நெத்திலியோ, மத்தியோ, கிழங்கானோ, காலில்லாத இரண்டு நண்டோ, அன்று கடல் கொடுத்ததைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள். அங்கேதான் பொறுக்கத் தெரிந்திருக்க வேண்டும். கண் பளிச்சென்று உப்பியிருக்கிறதா, செவுள் சிவப்பா, அழுத்திய விரல்பள்ளம் உடனே மேலெழும்புகிறதா என்று பாருங்கள். ரொம்பவும் பார்க்காதீர்கள். ஒவ்வொரு செவுளாக நான் தூக்கிக்கொண்டிருந்தபோது மீன்கார அம்மா கேட்டார்: "ஏன் சார், மீன் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

விடுதிதானே கேட்டீர்கள்? போன் போட்டு, 'நாங்கள் வாங்கி வருகிற மீனைக் குழம்பு வைத்துத் தருவீர்களா?' என்று கேளுங்கள். சரி என்று முதலில் சொல்கிறவரிடம் தங்குங்கள். மிச்சக் குழம்பைக் கொட்டிவிடாமல் மறுநாள் காலை இட்லிக்கு எடுத்துவைக்கச் சொல்லுங்கள். கரையில் ஈயக்காசு ஏதும் அகப்பட்டால் கோட்டைக்குள்ளேயே அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே காட்டுங்கள். நம் ராசிபலன்காரர் கண்ணில் மட்டும் பட்டுவிட வேண்டாம்.