யூனிட்டியில் ஸ்கிரிப்ட் ஃபைல்களை எப்படி அடுக்கி வைப்பது?

கேள்வி: தனியாளாக யூனிட்டியில் ஒரு கேம் செய்கிறேன். ‘ஸ்கிரிப்ட்ஸ்’ என்ற ஒரே ஃபோல்டரில் 70 கோட் ஃபைல் சேர்ந்துவிட்டது. எப்படிப் பிரிப்பது?

பதில்:

முதலில், விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் வைத்துப் பிரிக்காதீர்கள். பட்டவன் சொல்கிறேன்.

பெங்களூரில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் சேர்ந்த புதிது. டெமோவுக்கு முதல் நாள் ராத்திரி அல்சூர் ரூமில் உட்கார்ந்து, யூனிட்டியை மூடிவிட்டு, ஸ்கிரிப்டுகளை மட்டும் வேறு ஃபோல்டர்களுக்கு மாற்றினேன். திறந்து பார்த்தால் எதிரி, கதவு, காசு எல்லாவற்றிலும் ‘மிஸ்ஸிங் ஸ்கிரிப்ட்’. ஒவ்வொரு ஃபைலுக்கும் பக்கத்தில் யூனிட்டி ஒரு மெட்டா ஃபைல் வைக்கிறது. அதற்குள் 32 எழுத்தில் ஒரு அடையாளம் இருக்கும். சீனும் (கேமின் ஒரு காட்சி) ப்ரீஃபேபும் (திரும்பத் திரும்பப் பயன்படுத்தச் செய்துவைத்த பொருள்) ஸ்கிரிப்டைத் தேடுவது அந்த அடையாளத்தை வைத்துத்தான், பெயரை வைத்து அல்ல. மெட்டாவை விட்டுவிட்டு ஸ்கிரிப்டை மட்டும் நகர்த்தினால், புது இடத்தில் புது அடையாளம் பிறக்கும், பழைய தொடர்பு அறுந்துவிடும். கிட்டில் (ஃபைல்களின் பழைய நிலைகளைச் சேமித்து வைக்கும் கருவி) கமிட் செய்து, அதாவது அன்றைய நிலையைச் சேமித்து வைத்திருந்ததால் தப்பித்தேன். யூனிட்டிக்குள்ளேயே, ப்ராஜெக்ட் விண்டோவில் இழுத்துப் போட்டால் மெட்டாவும் கூடவே போகும்.

சரி, எப்படிப் பிரிப்பது? பலரும் ‘மேனேஜர்ஸ்’, ‘கன்ட்ரோலர்ஸ்’, ‘யூட்டில்ஸ்’ என்று வகை பிரிப்பார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. இந்த ஊரில் 11 மாத அக்ரிமென்ட் முடிந்து வீடு மாறியவர்களுக்குத் தெரியும்: பெட்டிமேல் ‘சமையலறை’, ‘பெட்ரூம்’ என்று எழுதினால்தான் புது வீட்டில் முதல் காபி கிடைக்கும். ‘கண்ணாடி’, ‘இரும்பு’ என்று எழுதினால் டம்ளரைத் தேடியே பொழுது போய்விடும். கேமிலும் அப்படித்தான். ‘எதிரி’ என்று ஒரு ஃபோல்டர். அதன் ஸ்கிரிப்ட், ப்ரீஃபேப், அனிமேஷன், சத்தம் எல்லாம் அதற்குள்ளேயே. நான் வைக்கும் பரீட்சை ஒன்றுதான்: நாளைக்கு இந்த எதிரியே வேண்டாம் என்றால், ஒரே ஃபோல்டரை அழித்தால் போதுமா? நாலு இடத்தில் துழாவ வேண்டியிருந்தால் பிரித்தது தப்பு. மூன்று நாலு இடத்துக்குப் பொதுவான ஸ்கிரிப்ட் மட்டும் ‘பொது’வுக்குப் போகட்டும். அந்த ஃபோல்டர் சும்மா விட்டால் குப்பைத்தொட்டி ஆகிவிடும், கண் வைத்திருங்கள்.

சில பெயர்களுக்கு யூனிட்டியில் தனி அர்த்தம் உண்டு. ‘எடிட்டர்’ ஃபோல்டரில் இருப்பது பில்டில், அதாவது ஆடுபவர் கைக்குப் போகும் கேமில், சேராது. எடிட்டருக்கான, அதாவது யூனிட்டிக்குள் மட்டும் ஓடும் கோடை அந்த ஃபோல்டருக்கு வெளியே போட்டால், உங்கள் மெஷினில் ஓடும் கேம் பில்ட் எடுக்கும்போது எரர் அடிக்கும். ‘ரிசோர்சஸ்’ இதற்கு நேர் எதிர்: பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் உள்ளே இருப்பது மொத்தமும் பில்டில் ஏறிவிடும். ஏபிகே (ஆண்ட்ராய்டு இன்ஸ்டால் ஃபைல்) வீங்கியிருந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

ஸ்கிரிப்ட் பெருகி, ஒரு வரி மாற்றினாலும் கம்பைல் முடிய டீ குடித்துவிட்டு வரலாம் என்ற நிலை வந்தால், அசெம்ப்ளி டெஃபினிஷன் (எந்த ஸ்கிரிப்டுகள் ஒன்றாகக் கம்பைல் ஆக வேண்டும் என்று சொல்லும் ஃபைல்) போட்டு ஃபோல்டர் வாரியாகப் பிரிக்கலாம். மாற்றிய பகுதியும் அதை நம்பியிருக்கும் பகுதிகளும் மட்டும் கம்பைல் ஆகும். ஒரு சிக்கல்: அதற்குக் கீழே உள்ள ‘எடிட்டர்’ ஃபோல்டருக்கு அந்தத் தனிச் சலுகை போய்விடும். அதற்கென்று இன்னொரு டெஃபினிஷன் வைத்து, பிளாட்ஃபார்மில் எடிட்டரை மட்டும் டிக் செய்ய வேண்டும். 70 ஃபைலுக்கு இது தேவையே இல்லை.

இப்போதைக்கு ஒரு கமிட் போடுங்கள். ‘எதிரி’யை மட்டும் பிரித்து, கேமை ஓட்டிப் பார்த்து, மறுபடி கமிட். அப்புறம் அடுத்த ஃபோல்டர். ஒரு சனிக்கிழமை மதியம் போதும்.