பட்டமளிப்பு மேடையில் அரசியல்வாதி எதற்கு?

கேள்வி: பட்டமளிப்பு விழாவில் பேச அரசியல்வாதியைக் கூப்பிடுவது சரியா?

பதில்: தாராளமாகக் கூப்பிடலாம். 1963 ஜூன் 10 அன்று வாஷிங்டனில் அமெரிக்கன் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில்தான் அதிபர் கென்னடி, மற்ற நாடுகள் நடத்தாதவரை நாங்களும் வளிமண்டலத்தில் அணுகுண்டுச் சோதனை நடத்த மாட்டோம் என்று அறிவித்தார். அதே ஆண்டு ஆகஸ்டிலேயே அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரிட்டன் மூன்றும் சோதனைத் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. அப்படி விஷயத்தோடு வருகிறவர் எந்தக் கட்சியாக இருந்தால் என்ன?

ஆனால் யார் வரப்போகிறார் என்று முடிவெடுக்கும் முன் மாணவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், அது அவர்களுடைய நாள். நான் போயிருந்த ஒரு விழாவில் சிறப்பு விருந்தினர் இரண்டு மணி நேரம் தாமதம், கறுப்பு அங்கிக்குள் பிள்ளைகளுக்கு வேர்த்து வழிகிறது, பக்கத்தில் ஓர் அம்மா மகள் பெயர் எப்போது வரும் என்று அழைப்பிதழையே புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார். வந்தவர் எதிர்க்கட்சியைத் திட்டித் தீர்த்துவிட்டுக் கிளம்பினார். அப்புறம் நேரமில்லை என்று எல்லோரையும் மொத்தமாக எழுந்து நிற்கச் சொல்லி விழாவை முடித்துவிட்டார்கள். அந்த அம்மாவின் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.