பால் கொடுக்கும் தெருப்பூனைக்குக் கருத்தடை
குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் தெருப்பூனைக்கு இப்போது கருத்தடை செய்யலாமா, உள்ளாட்சி தரும் நிதி உதவிக்குக் காத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காத்திருப்பது ஆபத்து. பால் கொடுக்கும்போதே பூனை மறுபடி சினைப்படும். சுமார் 65 நாளில் அடுத்த ஈற்று. குட்டிகள் தாமாகத் தின்னத் தொடங்கியதும் தாயைக் கருத்தடைக்குக் கொண்டுபோய்விடுங்கள். நிதி உதவிக்கான விண்ணப்பத்தை இன்றே போடுங்கள். இத்தகைய நிதி பெரும்பாலும் முன் அனுமதி பெற்றவர்களுக்குத்தான், அறுவை முடிந்தபின் நீட்டும் ரசீதுக்கு அல்ல. பூனை கூண்டில் சிக்கியதும் கூண்டின் மேலே துணியைப் போர்த்துங்கள், சீற்றம் அடங்கும். மயக்கத்திலேயே ஒரு காதின் நுனியைக் கத்தரிக்கச் சொல்லுங்கள். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் கருத்தடை ஆனதற்கு அதுவே அடையாளம், யாரும் அந்தப் பூனையை மறுபடி வீணாகப் பிடிக்க மாட்டார்கள். பெண்குட்டிகளும் 4 மாதத்திலேயே சினைப்படலாம், அவற்றையும் விண்ணப்பத்தில் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள்.