சங்கத்துல சேரலாமா? கடற்கரை ஊர்களில் இருந்து சில கேள்விகள்

முற்போக்கு வாலிபர் சங்கங்களில் தொண்டு செய்வது பற்றி, தொண்டி முதல் கீழக்கரை வரை பலர் கேட்டவற்றுக்குக் கிளைப் பொறுப்பில் இருக்கும் தோழர் ஒருவரின் பதில்கள்.

தங்கச்சிமடம், ஒரு தாய்: மகன் கொடி பிடிச்சுக்கிட்டுத் திரியிறான். கேஸ் விழுந்தா கவர்மெண்ட் வேலை போச்சேன்னு பயமா இருக்கு தம்பி.

உறுப்பினராக இருப்பதற்கு வழக்கு வராதும்மா. அனுமதி இல்லாமல் கூடினால்தான் பெரும்பாலும் வரும். ஆர்ப்பாட்டம் என்றால் இடம், நேரம், மைக், பொறுப்பாளர் எண் எல்லாம் எழுதி ஒரு வாரம் முன்பே ஸ்டேஷனில் மனு கொடுத்து, நகலில் சீல் வாங்கிவிட வேண்டும். செப்டம்பர் 11 இம்மானுவேல் சேகரன், அக்டோபர் 30 முத்துராமலிங்கத் தேவர் நினைவு நாட்களை ஒட்டி நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் கூட்டம் கூடத் தடையுத்தரவு போடுவது வழக்கம். அந்த வாரங்களில் தேதியே குறிப்பதில்லை. வழக்கு ஏதும் இருந்தால் வேலைக்கான படிவத்தில் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். சின்ன வழக்கைவிட, அதை மறைத்ததுதான் வேலைக்கு உலை வைக்கும். வேலை கிடைத்தபின் அரசு ஊழியர் நடத்தை விதிகள் அரசியல் இயக்கத்தில் இருக்க விடாது. அன்றைக்கு விலகல் கடிதம் கொடுத்துவிடட்டும்.

கீழக்கரை: சாமி இல்லைன்னு சொல்ற கூட்டமாச்சே, தொழுகைக்குப் போறவன் எப்படிச் சேர்றது?

படிவத்தில் அதற்கொரு கட்டம் கிடையாது தம்பி. தொழுகிறவரும் பூசைக்குப் போகிறவரும் எதையும் கும்பிடாதவரும் ஒரே பாயில் உட்கார்ந்துதான் கிளைக் கூட்டம் நடக்கிறது. வெள்ளி மதியமும் ஞாயிறு காலையும் கூட்டம் வைக்காதீர்கள். சாதி பார்ப்பவருக்குத்தான் இங்கே ஒத்துவராது.

பாம்பன்: "போஸ்டர் ஒட்டுற பயலுக"ன்னு ஊர்ல சிரிக்கிறாங்க அண்ணே.

ஒட்டுவதையாவது ஒழுங்காக ஒட்டுங்கள். ஒரு கிலோ மைதாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு கொதிக்கிற ஐந்து லிட்டர் நீரில் ஊற்றிக் கிண்ட வேண்டும். நேரே கொட்டினால் உருண்டை உருண்டையாகிவிடும். கடலோரச் சுவரில் உப்பு பூத்திருக்கும். ஈரத்துணியால் துடைக்காமல் ஒட்டினால் மறுநாளே உரியும். ஆடு எட்டாத உயரம் பாருங்கள். வீட்டுக்காரரிடம் கேட்காமல் ஒட்டினால் சங்கத்துக்குத்தான் கெட்ட பெயர். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பிளக்ஸ் கட்டினால் காற்றுப்போக அரைவட்டமாகக் கீறி விடுங்கள். இல்லாவிட்டால் கம்போடு பிடுங்கிக்கொண்டு போகும்.

மண்டபம்: ரத்ததான முகாம் நடத்தணும். போன தடவை அறுபது பேர் வந்தும் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிட்டாங்க. ஏன்?

ஆளைச் சேர்க்கும்போதே தகுதி பார்த்துச் சலித்தெடுக்கவில்லை, அதனால்தான். வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. முன்பு கொடுத்திருந்தால் ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி. பெயர் எழுதும் நோட்டில் இதற்கெல்லாம் தனித்தனிப் பத்தி போடுங்கள்.

நம் பக்கம் இன்னொரு சிக்கல், தூக்கம். ராத்திரி முழுக்க வலை இழுத்துவிட்டுக் கரையேறியவர் நேரே முகாமுக்கு வருவார். தூக்கமும் இல்லை, வயிறும் காலி, உடம்பில் நீரும் இல்லை. ஊசி எடுத்ததும் மயங்குவார். பார்த்த நாலு பேர் வரிசையிலிருந்து நழுவிவிடுவார்கள். ஆகவே கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு ஆட்கள் ஊரில் இருப்பார்கள். ஆனால் வெயில் கொளுத்தும், காலை பத்தரைக்குள் முடிக்கப் பாருங்கள். நோன்பு மாதத்தில் பகல் முகாம் வேண்டாம்.

மின்விசிறி, சாய்த்துப் படுக்கக் கட்டில், கொடுத்தபின் பத்து பதினைந்து நிமிடம் உட்கார நிழல், ஜூஸ், பிஸ்கட். ரத்த வங்கியிடம் எத்தனை யூனிட் எடுத்துக்கொள்வார்கள் என்று முன்பே கேளுங்கள். முழு ரத்தம் 35 நாள்தான் தாங்கும்; கூட்டத்தைக் காட்டுவதற்காக எடுத்துக் கெடவிடுவது தொண்டில் சேராது.

ராமேஸ்வரம்: உண்டியல் காசு எங்கே போகுது? வெளிநாட்டுப் பணம் வருதாமே?

முதல் கேள்வி நியாயமானது. உண்டியலுக்கு அரக்கு முத்திரை, எண்ணும்போது கிளைக்கு வெளியே இருந்து ஒருவர், வரிசை எண் போட்ட ரசீது, மாதக் கணக்கு படிப்பகப் பலகையில். வாயால் விளக்குவதைவிட அந்த ஒரு தாள் போதும். தடைக்காலத்தில் மீனவத் தெருவில் உண்டியல் தூக்காதீர்கள்.

பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வெளிநாட்டுப் பணம் வாங்கச் சட்டம் விடாது. துபாயில் இருக்கும் மச்சான் இந்தியக் குடிமகனாகவே இருந்து, தன் சம்பாத்தியத்தில் வங்கி வழியாக அனுப்பினால் அது அந்தக் கணக்கில் வராது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் வரும், திருப்பி அனுப்பிவிடுங்கள்.

தொண்டி, கல்லூரி மாணவி: பொண்ணுங்க வரலாமா அண்ணே?

வரணும்மா. கூட்டம் கடைசி பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்பு முடியவேண்டும் என்று கிளையில் முதலிலேயே தீர்மானம் போடச் சொல்லுங்கள். டீ போடவும் கோலம் போடவும் மட்டும் கூப்பிட்டால், கணக்கு நோட்டை என்னிடம் கொடுங்கள் என்று கேளுங்கள்.

தேவிபட்டினம்: புதுசா வர்றவன் முதல்ல என்ன செய்யலாம்?

தெருக்குழாயில் தொடங்குங்கள். எந்தத் தேதியில் எத்தனை மணிக்குக் காவிரித் தண்ணீர் வந்தது, எத்தனை குடம் கிடைத்தது என்று ஒரு மாதம் குறியுங்கள். அதை இணைத்துத் திங்கள்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை. சாலையையும் விளக்கையும் சேர்த்து எழுதினால் ஒரு துறை இன்னொரு துறையைக் கைகாட்டும். பதிவு எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். பலன் இல்லையென்றால் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் கிடையாது.