வாழைத்தாருக்குப் புகை போட்டா ஏன் பழுக்குது? அரிசி டிரம்முல மாங்கா வைக்கிறதும் அதே கதைதானா?

ரெண்டும் ஒரே கதைதாங்க. ஆனா நம்ம வீடுகள்ல சொல்ற காரணம்தான் தப்பு. "அந்தச் சூட்டுக்குப் பழுக்குது"ன்னு சொல்வாங்க இல்ல, நானும் காலேஜ்ல பாட்டனி சேர்ற வரைக்கும் அப்படித்தான் நம்பிக்கிட்டு இருந்தேன். சூட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் ரொம்பக் கம்மி, வேலை பாக்குறது ஒரு வாயு. பேரு எத்திலீன்.

எங்க அம்மாயி வீடு லாலாப்பேட்டை பக்கம், காவிரிக் கரை, சுத்தி வாழைதான். வீட்டுல விசேஷம்னா பூவன் தாரை வெட்டிட்டு வந்து கொல்லையில குழி எடுத்து, அடியில சருகைப் பரப்பி, தாரை நின்ன வாக்குல நெருக்கி அடுக்கி, மேல மட்டையும் சருகும் போட்டு மண்ணைத் தள்ளி மெழுகிடுவாங்க. ஒரு ஓரத்துல மட்டும் அடியில ஓட்டை போட்ட சட்டி ஒண்ணைக் கவுத்து வச்சு, அதுக்குள்ள எரு வறட்டியும் தேங்கா மட்டையும் போட்டுப் பத்த வச்சு ஊதுவாங்க, புகை பூரா உள்ள போகும். அம்மாயி குழியைச் சுத்திச் சுத்தி வரும், எங்கயாவது வெடிப்புல நூலு மாதிரி புகை கசிஞ்சா போதும், "டேய் இந்தப் பக்கம் சாணி வச்சு அடைடா"ன்னு ஒரு சத்தம். மறுநாள் பிரிச்சா தாரு பச்சையாத்தான் இருக்கும், நமக்கு ஏமாத்தமா இருக்கும். எடுத்து விட்டத்துல தொங்க விட்டா அடுத்த ரெண்டு நாள்ல பூரா மஞ்சள்.

இதுல கவனிக்க வேண்டியது, அம்மாயி நெருப்பைப் பத்திக் கவலைப்பட்டதே இல்ல, புகையைப் பத்தித்தான் கவலை. நெருப்பைப் பத்திக் கவலைப்பட்டது எங்க மாமா. ஒரு கல்யாணத்துக்கு நாள் பத்தலன்னு, "சூடு கூட்டினா சீக்கிரம் பழுத்துரும் மாப்ள"ன்னு என்கிட்ட சொல்லிட்டு மட்டையை அள்ளி அள்ளிப் போட்டாரு. பிரிச்சுப் பாத்தா சட்டிப் பக்கம் இருந்த நாலு தாரு தோலு கருத்து, உள்ள வெந்த காய் மாதிரி ஆயிருச்சு, உரிச்சா காய் வாசம்தான் அடிக்குது. வாழைக்கு 35 டிகிரிக்கு மேல போயிட்டாலே பழுக்க வைக்கிற என்சைம்கள் தடுமாற ஆரம்பிச்சுரும், அதெல்லாம் பின்னாடி படிச்சது. அன்னிக்கு பந்தியில கடைப் பழம்தான் போச்சு.

மாமாவை ரொம்பத் திட்ட வேண்டாம், கலிபோர்னியாக்காரனும் இதே தப்பைத்தான் பண்ணான். அங்க எலுமிச்சையைப் பச்சையாப் பறிச்சு, மண்ணெண்ணெய் அடுப்பு எரியிற ரூம்ல வச்சு மஞ்சளாக்கி விப்பாங்க. சூட்டுக்குத்தான் மஞ்சளாகுதுன்னு நினைச்சு, நல்ல புகையில்லாத ஹீட்டரா மாத்திப் பாத்திருக்காங்க, சூடு அதே சூடு, காய் பச்சையாவே உக்காந்திருக்கு. 1924ல அமெரிக்க வேளாண் துறையில இருந்த ஃபிராங்க் டென்னிங்கிறவர்தான் அடுப்புப் புகைக்குள்ள இருக்கிற எத்திலீன்தான் இதைப் பண்ணுதுன்னு காட்டினாரு. எரு வறட்டி, மட்டை, மண்ணெண்ணெய், எதுவா இருந்தாலும் அரைகுறையா எரிஞ்சா புகையோட கொஞ்சம் எத்திலீன் வரும். அம்மாயி வெடிப்பை அடைச்சது ஏன்னு இப்பப் புரியுதா.

இதுக்கும் முன்னாடி ஒரு ரஷ்யக் கதை இருக்கு, எனக்கு இந்த சப்ஜெக்ட்லயே ரொம்பப் பிடிச்சது அதுதான். 1901, செயின்ட் பீட்டர்ஸ்பர்க், திமித்ரி நெல்யூபோவ்னு ஒரு இளம் ஆராய்ச்சியாளர் லேப்ல இருட்டுல பட்டாணி முளைக்க விட்டா அது நேரா மேல போகாம படுத்துக்கிட்டே பக்கவாட்டுல போகுது. வெளிக்காத்துல வச்சா ஒழுங்கா மேல போகுது. அப்ப கரண்ட் லைட் எல்லா இடத்துலயும் கிடையாது, நிலக்கரி வாயு விளக்குதான், அந்த கேஸ் லேப் காத்துல கலந்திருக்கு. அதுல இருக்கிற ஒவ்வொரு வாயுவையும் தனித்தனியா சோதிச்சு கடைசியில எத்திலீன்தான்னு புடிச்சாரு. அதுக்கு முன்னாடியே ஜெர்மனியில தெருவுக்கடியில கேஸ் குழாய் கசிஞ்ச இடத்துல மரமெல்லாம் இலை கொட்டினதை 1864லயே எழுதி வச்சிருக்காங்க, ஆனா எந்த வாயுன்னு யாருக்கும் தெரியல.

இதை நீங்க வீட்டுலயே பாக்கலாம், நான் பாத்தேன். ரெண்டு எவர்சில்வர் தூக்கு எடுத்து, ரெண்டுலயும் ஈரத்துணி மேல ஊறவச்ச பச்சைப்பயறு, ஒண்ணுல மட்டும் நல்லா கனிஞ்சு கரும்புள்ளி விழுந்த பூவன் ஒண்ணைக் கூட வச்சு மூடிட்டேன். மூணு நாள் கழிச்சுத் திறந்தா, பழம் இல்லாத தூக்குல முளை வெள்ளையா ஒல்லியா நீட்டி வளந்திருக்கு, பழம் இருந்ததுல பாதி உயரம்கூட இல்ல, தண்டு மட்டும் குண்டா, தலை கொக்கி மாதிரி வளைஞ்சு, ஒண்ணு ரெண்டு படுத்தும் கிடந்துச்சு. அம்மா வந்து பாத்துட்டு "என்னடா பயறுக்கு சீக்கு வந்த மாதிரி இருக்கு"ன்னு ரெண்டையும் சேத்து சுண்டல்ல போட்டுட்டாங்க. மண்ணுக்குள்ள கல்லு ஏதாவது தடுத்தா முளைக்குள்ளயே எத்திலீன் ஊறி, தண்டைக் குண்டாக்கி, முட்டிக்கிட்டுச் சுத்தி வர வைக்கும், நாம பழத்தை வச்சு அதை ஏமாத்திட்டோம், அவ்ளோதான்.

சரி புகையில இருந்து வருது, பழத்துல இருந்து எப்படி வருது? ஜமைக்காவுல 1910ல கசின்ஸ்னு ஒருத்தர், ஆரஞ்சையும் வாழையையும் ஒரே கப்பல்ல ஏத்தாதீங்க, ஆரஞ்சுல இருந்து வர ஏதோ ஒரு வாயுவால வாழை முன்னாடியே பழுத்துருதுன்னு எழுதினாரு. (ஆரஞ்சு ரொம்பக் கொஞ்சம்தான் எத்திலீன் விடும், அதுல பிடிச்சிருந்த பூஞ்சைதான் விட்டிருக்கணும்னு இப்ப சொல்றாங்க, அது வேற.) 1934ல இங்கிலாந்துல கேன்ங்கிறவர் சுமார் 27 கிலோ ஆப்பிளை அடைச்சு வச்சு, அதுல இருந்து வந்த காத்தை புரோமின்ல விட்டுப் பிடிச்சு, பழமே எத்திலீனை உண்டாக்குதுன்னு கெமிஸ்ட்ரியில நிரூபிச்சாரு. அதுக்கப்புறம்தான் இதை செடியோட ஹார்மோன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. ஹார்மோன்னா நம்ம உடம்புல ரத்தத்துல ஓடும், இது காத்துல ஓடுது, பக்கத்துப் பழத்துக்கும் போய்ச் சேருது.

உங்க அரிசி டிரம்முக்கு பதில் இதுலயே வந்துருச்சு. அரிசி தனியா ஒண்ணும் பண்ணாது. மாங்கா விடுற எத்திலீன் வெளிய ஓடாம அரிசிக்குள்ள தேங்கி நிக்குது, அதான். வைக்கோல்ல வச்சாலும் சரி, பேப்பர்ல சுத்தினாலும் சரி, மூடின இடம்தான் கணக்கு. அதோட மா, வாழை, சப்போட்டா, பப்பாளி, தக்காளி இதுகளுக்கு ஒரு குணம், எத்திலீன் பட்டா இன்னும் அதிகமா எத்திலீன் விடும். ஒரு கூடையில ஒண்ணு பழுத்துருச்சுன்னா மத்ததை அதுவே கெளப்பி விட்டுரும். திராட்சை, மாதுளை, ஆரஞ்சுக்கு இந்தக் குணம் கிடையாது, பறிச்சப்ப புளிச்சா புளிப்புதான், எத்தனை நாள் டிரம்முல வச்சாலும் இனிக்காது. எலுமிச்சையும் இந்தக் கூட்டம்தான், கலிபோர்னியாவுல தோலுதான் மஞ்சளாச்சு, உள்ள புளிப்பு அப்படியேதான்.

உள்ள நடக்குறதையும் கொஞ்சம் சொல்லிடுறேன். மெத்தியோனின்னு ஒரு அமினோ அமிலம், நாம சாப்பிடுற முட்டை, பருப்புலயும் இருக்கிறதுதான். அது சாம்ங்கிற பொருளா மாறும், இதுவரைக்கும் நம்ம உடம்புலயும் இதே வேலை நடக்குது. செடியில அதுக்கப்புறம் ஏசிசின்னு ஒண்ணா மாறி, அதுல இருந்து எத்திலீன் பிரியுது. எத்திலீனுக்கு முந்தின படி இந்த ஏசிசிதான்னு கண்டுபிடிச்சது 1979ல, கலிபோர்னியாவுல இருந்த தைவான்காரர் ஷாங் ஃபா யாங்கோட லேப். எத்திலீனைப் பிடிச்சு உணர்ற புரதமோ இன்னும் வேடிக்கை, எத்திலீன் வந்தா அது வேலை செய்யத் தொடங்கும்னுதானே நினைப்போம், இல்ல, எத்திலீன் இல்லாத வரைக்கும்தான் அது "பழுக்காதே பழுக்காதே"ன்னு பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்கும், எத்திலீன் வந்து ஒட்டினதும் காலை எடுத்துரும். அது ஒட்டுற இடத்துல ஒரு செம்பு அயனி உக்காந்திருக்கு. பிரேக் விட்டதும் மாவுச்சத்து சர்க்கரையாகும், பச்சைக் காயில 20 சதவீதம் கிட்ட இருந்த மாவு ஒண்ணு ரெண்டு சதவீதத்துக்கு இறங்கிரும், தோல்ல பச்சையம் போயி ஏற்கனவே கீழ இருந்த மஞ்சள் தெரியும்.

எங்க மாமா இப்ப குழி எல்லாம் எடுக்குறதில்ல, மண்டிக்காரரோட பழுக்க வைக்கிற சேம்பர்ல கொண்டுபோய்ப் போட்டுடுறாரு. முதல் தடவை கதவைத் திறந்தப்ப நானும் கூட இருந்தேன், உள்ள ஏசி 17 டிகிரியில ஓடுது, கிரேட்ல காய் அடுக்கியிருக்கு, மாமா துண்டை இழுத்துப் போத்திக்கிட்டு "இந்தக் குளிர்ல எப்படிடா பழுக்கும்"னாரு. பழுத்துச்சு. பத்து லட்சம் பங்கு காத்துல 100 பங்கு எத்திலீன் போதும், அதான் நம்ம உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிச்சிருக்கிற அளவும்.

கல்லு வச்ச பழத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னும் கீழ ஒருத்தர் கேட்டிருக்காரு. கல்லுன்னா கால்சியம் கார்பைடு, ஈரம் பட்டா அசெட்டிலீன் வரும், அது எத்திலீன் மாதிரி நடிக்கும், ஆனா பல மடங்கு அதிகம் வேணும். தொழிற்சாலைக் கல்லுல ஆர்செனிக், பாஸ்பரஸ் கலந்திருக்கும், அதான் ஆபத்து, தடையும் அதுக்குத்தான். எத்தஃபான்னு எத்திலீன் விடுற ஒரு மருந்து இருக்கு, அதைக் கலந்த தண்ணியில காயை முக்கி எடுக்குறதும் அனுமதி இல்லாத வேலைதான். ஆனா வாட்ஸ்அப்ல வர "தோல் மஞ்சள், காம்பு பச்சைன்னா கார்பைடு"ங்கிற டெஸ்டை நம்பாதீங்க, ஒழுங்கா சேம்பர்ல எத்திலீன் வச்ச பழமும் கடைக்கு வரும்போது அப்படித்தான் காம்பு பச்சையா இருக்கும். சந்தேகம்னா செங்காயா வாங்கிட்டு வந்து, ஒரு கனிஞ்ச பழத்தைக் கூட வச்சு பாத்திரத்துல மூடி வைங்க, தினம் ஒரு தடவை திறந்து காத்து விடுங்க. ஃபிரிட்ஜ்ல மட்டும் வைக்காதீங்க, 13 டிகிரிக்குக் கீழ போனா வாழைத் தோலு கருத்துரும்.